தாண்டிக்குடித் தோட்டத்துக்கு மேனுவல் பிக்கப்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்குத் திண்டுக்கல்லில் வீடு, தாண்டிக்குடிக்கு மேலே காபியும் மிளகும் போட்ட தோட்டம். தார் ரோட்டிலிருந்து தோட்டம் வரை ஒன்றரை கிலோமீட்டர் மண் வழி. மழை பெய்தால் ஜீப் மட்டும்தான் ஏறும். வாரம் ஒருமுறை உர மூட்டையும் சாமானும் ஏற்ற வேண்டும். லீவு கிடைத்தால் குடும்பத்தோடு மன்னவனூர், நீலகிரி என்று கரடுமுரடான வழிகளில் சுற்ற ஆசை. ஆட்டோமேட்டிக் வேண்டாம், மேனுவல் பிக்கப்தான் வேண்டும். மனைவியும் ஓட்டுவார். எதை வாங்கலாம்?

பதிலை முதலிலேயே சொல்கிறேன். 4எல், அதாவது நான்கு சக்கரத்தையும் மிக மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டும் லோ கியர், இருக்கிற மேனுவல் வண்டியை வாங்குங்கள். 4எல் இல்லாத மேனுவல் பிக்கப்பை, எவ்வளவு விலை குறைத்துக் கொடுத்தாலும் அந்த வழிக்கு வாங்காதீர்கள். இசுஸு வி-கிராஸா, டொயோட்டா ஹைலக்ஸா, மஹிந்திரா பொலிரோ கேம்பரா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மேனுவல் வண்டியில் எஞ்சினையும் சக்கரத்தையும் சேர்ப்பதும் பிரிப்பதும் கிளட்ச் ஒன்றுதான். எஞ்சின் அணையாமல் ஓட நிமிடத்துக்கு எழுநூறு, எண்ணூறு சுற்றாவது வேண்டும். சாதாரண முதல் கியரில் அந்தச் சுற்றுக்கே வண்டி மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் போகும். சமதரையில் அது ஒன்றுமில்லை. ஆனால் கல் துருத்திக்கொண்டு, நடுவில் மழைத்தண்ணீர் அறுத்த பள்ளம் ஓடுகிற ஏற்றத்தில் ஐந்து கிலோமீட்டர் அதிகம். சக்கரத்தைக் கல்மேல் ஏற்றி, மெல்ல இறக்கி, அடுத்த கல்லுக்கு ஒடித்துத் திருப்ப வேண்டும். அந்த இடத்தில் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: கிளட்சைப் பாதி அழுத்திக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதிப்பது. இப்படிப் பாதிக் கிளட்சில் ஒரு டன் சுமையோடு ஏற்றத்தில் தொங்கிக்கொண்டு நின்றால் கிளட்ச் பிளேட் சூடேறி, கருகின வாடை கேபினுக்குள் வரும். அந்த வாடை வருவதற்குள்ளேயே பிளேட்டின் ஆயுளில் பெரும்பங்கு போயிருக்கும். மலை ஊர் ஒர்க்‌ஷாப்களில் அதிகம் மாற்றுகிற பாகங்களில் கிளட்ச் செட் ஒன்று. பலர் அதற்கு வண்டியைக் குறை சொல்வார்கள். உண்மையில் வண்டிக்கு அந்த வேகத்தில் போக ஒரு கியர் இல்லை, அந்தக் குறையைக் கிளட்ச் தாங்கியிருக்கிறது.

4எல் என்பது அந்தக் கியர். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸில் இன்னொரு பல்சக்கர ஜோடி சேர்ந்து, எல்லாக் கியர்களின் வேகத்தையும் குறைத்து இழுவையைக் கூட்டுகிறது. வி-கிராஸ், ஹைலக்ஸ் இரண்டிலும் அது சுமார் இரண்டரை மடங்கு. 4எல்லில் முதல் கியர் போட்டு, இரண்டு காலையும் எடுத்துவிட்டால் வண்டி மணிக்கு இரண்டு கிலோமீட்டர் வேகத்தில் தானாக ஊர்ந்து ஏறும். கூடவே ஒருவர் நடந்து வந்தால் அவர் முந்திவிடுவார். கிளட்ச் முழுக்கப் பிடித்த நிலையில் இருப்பதால் உரசலும் இல்லை, சூடும் இல்லை. உங்களுக்கு வேலை ஸ்டியரிங் மட்டும். இதை ஒருமுறை உங்கள் தோட்டத்து ஏற்றத்திலேயே அனுபவித்துவிட்டால், அப்புறம் குதிரைத்திறன் கணக்கெல்லாம் உங்களுக்குப் பெரிதாகத் தெரியாது.

இறக்கத்துக்கு இது இன்னும் முக்கியம். மலையில் ஆபத்து ஏற்றத்தில் இருப்பதைவிட இறக்கத்தில்தான் அதிகம். ஈரச் செம்மண்ணில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் உருளாமல் சறுக்கும். சறுக்கும் சக்கரத்துக்கு ஸ்டியரிங் கட்டுப்படாது. 4எல் முதல் கியரில் விட்டால் எஞ்சினே நான்கு சக்கரத்தையும் பிடித்து, உருண்டுகொண்டே மெதுவாக இறக்கும். இங்கே ஒரே ஒரு விதி, உங்கள் மனைவிக்கும் முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுங்கள்: இறக்கத்தில் கிளட்சைத் தொடக்கூடாது. பயத்தில் இரண்டு காலும் சேர்ந்து கீழே போவது எல்லோருக்கும் பழக்கம். கிளட்சை அழுத்திய நொடியில் எஞ்சின் பிடி விட்டுப்போகும், வண்டி பாயும். இடது காலை ஓரமாக ஊன்றி வைத்துக்கொண்டு இறங்கப் பழக வேண்டும்.

தார் ரோட்டு மலைப்பாதைக்கும் இதே நியாயம்தான். ஏறின கியரில் இறங்கு என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வது சரியான கணக்கு. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே நடந்த விபத்துகளில் பல, பிரேக்கையே நம்பி இறங்கி, அது சூடேறிப் பிடிக்காமல் போனதால் வந்தவை. அதனால்தான் வெளியூர் வண்டிகள் அந்த வழியில் இறங்குவதற்குக் கட்டுப்பாடு வந்தது. நீலகிரிக்குப் போகும்போது திண்டுக்கல் நம்பர் வண்டியோடு அந்த வழியில் இறங்கத் திட்டம் போடாதீர்கள். கூடலூர் வழியாகப் போய்க்கொள்ளலாம்.

ஏற்றத்தின் நடுவில் எஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேனுவல் வேண்டாம் என்று பலர் பயப்படுவது இதற்குத்தான். நின்றவுடன் பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள், ஹேண்ட் பிரேக்கையும் இழுங்கள். சக்கரம் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். கிளட்சை அழுத்தி ரிவர்ஸ் கியர் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். கிளட்சை மெல்ல விட்டு, எஞ்சின் பிடிக்கத் தொடங்கியதும் ஹேண்ட் பிரேக்கை எடுத்து, கால் பிரேக்கை மெல்லத் தளர்த்திக்கொண்டே கிளட்சை முழுதாக விடுங்கள். 4எல் ரிவர்ஸில் வண்டி ஊர்ந்து பின்னால் இறங்கும். கீழே சமமான இடம் வரை அப்படியே வந்து, மறுபடி வேறு தடத்தில் ஏறலாம். செய்யவே கூடாதது இரண்டு: ஏற்றத்தின் நடுவில் வண்டியைக் குறுக்கே திருப்புவது, நியூட்ரலில் பின்னால் உருளவிடுவது. இரண்டிலும் குடைசாய்ந்த வண்டிகளை இந்த மலையில் பார்த்திருக்கிறேன். கூட ஒருவர் இருந்தால் பின்சக்கரத்துக்குக் கட்டை போடச் சொல்லுங்கள். லோடு வண்டிகளில் ஒரு முக்கோணக் கட்டை எப்போதும் கிடப்பது இதற்குத்தான். உங்கள் வண்டியிலும் இரண்டு போட்டு வையுங்கள்.

இனி கொண்டை ஊசி வளைவு. காட்ரோட்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் பெரிய பாதை அகலமானது, எந்த வண்டியும் போகும். சித்தரேவு வழியாகத் தாண்டிக்குடி ஏறுவதும், ஒட்டன்சத்திரத்திலிருந்து பாச்சலூர் ஏறுவதும், பெரியகுளம் பக்கம் அடுக்கம் வழியும் வேறு ரகம். குறுகலான வளைவில் இரண்டாவது கியரில் நுழைந்தால், எஞ்சின் சுற்று 1500க்குக் கீழே விழும். டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) வைத்த டீசலுக்கு அந்த இடத்தில் உயிர் இருக்காது. வி-கிராஸின் 1.9 லிட்டர் எஞ்சின் 163 குதிரைத்திறனும் 360 நியூட்டன் மீட்டர் இழுவையும் தருகிறது; ஆனால் அந்த முழு இழுவை கிடைப்பது 2000 முதல் 2500 சுற்றுக்குள். ஆகவே வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே, முதல் கியருக்கு வந்துவிட வேண்டும். வளைவின் நடுவில் திணறும்போது கியர் தேடினால் வண்டி பின்னால் இறங்கும், பின்னால் பஸ் நிற்கும். ஹைலக்ஸ் மேனுவலில் 420 நியூட்டன் மீட்டர் 1400 சுற்றிலிருந்தே கிடைக்கிறது. அந்த வண்டியின் உண்மையான லாபம் இதுதான், 204 குதிரைத்திறன் இல்லை. கேம்பரின் 2.5 லிட்டர் எஞ்சின் 200 நியூட்டன் மீட்டர்தான் தரும், ஆனால் அதுவும் 1400 சுற்றிலேயே கிடைத்துவிடும். அதனால்தான் 75 குதிரைத்திறன் வண்டி கேரட் மூட்டையை ஏற்றிக்கொண்டு மன்னவனூரிலிருந்து அலட்டாமல் ஏறி வருகிறது. வேகம் வராது, ஆனால் மூச்சு வாங்காது.

உயரமும் சேர்ந்துகொள்ளும். கொடைக்கானல் 2100 மீட்டருக்கு மேலே. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ பெருமளவு ஈடுகட்டும், ஆனால் டர்போ சுழலத் தொடங்கும் முன் இருக்கும் அந்த மந்தம் கொஞ்சம் நீளும். திண்டுக்கல் பைபாஸில் டெஸ்ட் டிரைவ் எடுத்து முடிவு செய்யக்கூடாது என்பதற்கு இது ஒரு காரணம்.

இப்போது வண்டிகளுக்கு வருவோம். அதற்கு முன் உங்கள் வழியை அளந்துவிடுங்கள். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். வி-கிராஸும் ஹைலக்ஸும் நீளத்தில் சுமார் 5.3 மீட்டர், முன்பின் சக்கரங்களுக்கு நடுவே சுமார் 3.1 மீட்டர். அகலம் 1.86 மீட்டர், கண்ணாடியோடு இரண்டு மீட்டரைத் தாண்டும். கேம்பர் ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மஹிந்திராவின் மூன்று கதவு தார் ஜீப் நான்கு மீட்டருக்குள், சக்கர இடைவெளி இரண்டரை மீட்டர்கூட இல்லை. உங்கள் வழியில் இப்போது ஜீப் மட்டும் ஏறுகிறது என்கிறீர்கள். ஏன் என்று பாருங்கள். சேறு காரணம் என்றால் 4எல் பிக்கப் ஏறிவிடும். வளைவு காரணம் என்றால் எந்த பிக்கப்பும் ஒரே ஒடியலில் திரும்பாது. மூன்று முறை முன்னும் பின்னும் எடுத்து, பள்ளத்துப் பக்கம் பின்சக்கரத்தைத் தொங்கவிட்டுத் திருப்ப வேண்டியிருக்கும். அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்கு பொலிரோ பிக்கப் வந்து ஆரஞ்சோ வாழையோ ஏற்றிப் போகிறதா என்று விசாரியுங்கள். அது வந்தால் உங்கள் வண்டியும் வரும். அது கீழேயே நின்று, குதிரையில் மூட்டை இறங்கி வருகிறது என்றால் பிக்கப் யோசனையை விட்டுவிட்டு தார் ஜீப் அல்லது மாருதி ஜிம்னி மேனுவலைப் பாருங்கள், உரத்துக்கு வாடகை ஜீப் பிடித்துக்கொள்ளுங்கள். நீளமான வண்டிக்கு இன்னொரு தொல்லை, குறுக்கு வாய்க்கால். முன்சக்கரம் இறங்கி ஏறிவிடும். வயிறு தட்டும், அல்லது பின்பம்பர் மண்ணில் குத்தும். அந்த வாய்க்காலில் நாலு கல் பாவிவிட்டால் தீர்ந்தது. வண்டியில் ஆயிரக்கணக்கில் செலவழிப்பதைவிட அது மலிவு.

வழி அகலமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குடும்பமும் வேண்டும், சுமையும் வேண்டும், நீண்ட பயணமும் வேண்டும் என்கிற உங்களுக்கு என் தேர்வு வி-கிராஸ் 4x4 (நான்கு சக்கர இழுவை) மேனுவல். ஆறு கியர், குமிழைத் திருப்பி 2எச் (பின்சக்கரம் மட்டும்), 4எச் (நான்கு சக்கரமும், சாதாரண வேகத்தில்), 4எல் மாற்றலாம், நெடுஞ்சாலையில் கார் மாதிரி ஓடும். ஒரு எச்சரிக்கை: அதே கம்பெனியின் ஹைலேண்டரும் அதே எஞ்சினோடு மேனுவலாக வருகிறது, பார்க்கவும் அதேபோல இருக்கும், விலையும் குறைவு. ஆனால் அது இரண்டு சக்கர இழுவை, 4எல் இல்லை. ஷோரூமில் உங்களை அந்தப் பக்கம் தள்ளப் பார்ப்பார்கள். சமவெளி விவசாயிக்கு அது நல்ல வண்டி. உங்கள் ஒன்றரை கிலோமீட்டருக்கு அது உதவாது.

ஹைலக்ஸ் மேனுவல் கைக்கு எட்டினால் எடுங்கள், மறுப்பே இல்லை. 4x4 எல்லா வகையிலும் உண்டு, பின் டிஃபரன்ஷியலுக்கு (திருப்பத்தில் இரண்டு பக்கச் சக்கரமும் வேறுவேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரப் பெட்டி) லாக் உண்டு. ஒரு பின்சக்கரம் பள்ளத்தின் மேல் காற்றில் தொங்கும்போது சாதாரண டிஃபரன்ஷியல் இழுவையை அந்தத் தொங்குகிற சக்கரத்துக்கே அனுப்பி வீணாக்கும். லாக்கைப் போட்டால் தரையில் இருக்கிற சக்கரமும் சேர்ந்து தள்ளும். 700 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரைக் கடக்கலாம் என்று கம்பெனி சொல்கிறது. ஆனால் விலை கேம்பரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. மூன்று மடங்கு வேலையை உங்கள் தோட்டத்தில் அது செய்யாது.

சுமைதான் பிரதானம், குடும்பப் பயணம் எப்போதாவதுதான் என்றால் பொலிரோ கேம்பர் 4டபிள்யூடி. ஒரு டன் ஏற்றலாம். கியர் லீவர் கனமாக இருக்கும், சீட் கடினம், திண்டுக்கல்லிலிருந்து ஊட்டி வரை போனால் இடுப்பு பேசும். ஆனால் பண்ணைக்காட்டிலோ வத்தலக்குண்டிலோ எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார், சாமான் அன்றைக்கே கிடைக்கும். மற்ற இரண்டுக்கும் பெரிய வேலை என்றால் மலையை விட்டு இறங்க வேண்டும். மழைக்காலத்தில் வண்டி நின்றால் வேலையும் நிற்கும் என்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆட்டோமேட்டிக்கைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் வேண்டாம் என்று முடிவெடுத்தது சரி, ஆனால் அது மோசம் என்று நினைத்து எடுக்க வேண்டாம். அதிலும் 4எல் உண்டு, கிளட்ச் கருகாது, ஏற்றத்தில் எஞ்சின் நிற்காது. ஹைலக்ஸ் ஆட்டோமேட்டிக்குக்கு 500 நியூட்டன் மீட்டர், மேனுவலைவிட 80 கூடுதல். மே மாதம் பெருமாள்மலையிலிருந்து வெள்ளி நீர்வீழ்ச்சி வரை மணிக்கணக்கில் ஊரும் வரிசையில் மேனுவல் ஓட்டினால் இடது முழங்கால் வலி நிச்சயம். மேனுவலை நான் விரும்புவதற்குக் காரணம், இறக்கத்தில் எஞ்சின் பிடி நேராகச் சக்கரத்துக்கு வருவதும், பேட்டரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் செய்ய வழியிருப்பதும், பழுது பார்க்க மலையிலேயே ஆள் இருப்பதும்தான். முழங்கால் பிரச்சினை வீட்டில் யாருக்காவது இருந்தால் பிடிவாதம் வேண்டாம்.

வண்டி வந்த பிறகு பழக வேண்டியது, பின்னால் சுமை ஏற்றும் தொட்டி காலியாக இருக்கும்போது ஓட்டுவது. பிக்கப்பின் பின்பக்கம் சுமைக்காகக் கட்டிய லீஃப் ஸ்பிரிங். சுமை இல்லாதபோது பின்பக்கம் கனமே இருக்காது. மழையில் கொண்டை ஊசியில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் பின்சக்கரம் வழுக்கிப் பின்பக்கம் வெளியே வீசும். சாரல் காலத்தில் நூறு, நூற்றைம்பது கிலோ மணல் மூட்டையைப் பின் ஆக்சிலுக்கு நேர் மேலே, நகராதபடி கட்டி வையுங்கள். பின்கதவோரம் போட்டால் முன்பக்கம் தூக்கி ஸ்டியரிங் லேசாகிவிடும்.

வழுக்குகிறதே என்று தார் ரோட்டில் 4எச் போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. இந்த மூன்று வண்டிகளிலும் முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் வேறுவேறு வேகத்தில் சுற்ற விடும் நடு டிஃபரன்ஷியல் இல்லை. 4எச்சில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே சுற்றில் கட்டப்பட்டிருக்கும். திருப்பத்தில் முன்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். மண்ணில் என்றால் கொஞ்சம் சறுக்கி ஈடுகட்டிக்கொள்ளும். பிடி இருக்கிற தார் ரோட்டில் சறுக்க முடியாமல் முறுக்கம் ஏறி, ஸ்டியரிங் இறுகி, ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குள் பல்லுக்குப் பல் அழுத்தம் சேரும். மண் வழி தொடங்கும் இடத்தில் போடுங்கள், தார் வந்ததும் 2எச்சுக்கு வாருங்கள். 4எல்லுக்கு வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்துத்தான் மாற்ற வேண்டும்.

டயர் பற்றி நீளமாகச் சொல்ல மாட்டேன். வண்டியோடு வரும் டயர் தேயட்டும், அடுத்த செட் ஆல் டெரெய்ன் (தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான டயர்) போடுங்கள். சேற்று டயர் வேண்டாம்; மழையில் தார் ரோட்டில் அதற்குப் பிடி குறைவு, உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி தார்தான். பெரிய அலாய் சக்கரத்தைவிடப் பதினாறு அங்குலச் சக்கரமும் உயரமான டயரும் கல் வழிக்கு நல்லது, ஏனென்றால் பக்கச்சுவர் உயரமாக இருந்தால்தான் காற்றைக் குறைத்து ஓட்ட முடியும். சேற்றிலும் கல்லிலும் காற்றை 22 முதல் 25 பி.எஸ்.ஐ வரை குறைத்தால் டயர் பரந்து உட்கார்ந்து பிடிக்கும். அப்புறம் தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப அடிக்க வேண்டும். அதற்குப் பேட்டரியில் ஓடும் சின்னக் கம்ப்ரசர் ஒன்று கட்டாயம். உயரத்தைக் கூட்டும் கிட், முன்னால் இரும்புக் கம்பி இதெல்லாம் வேண்டாம். கம்பித் தடுப்பை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. உயர்த்திய வண்டி பக்கச் சரிவில் சீக்கிரம் சாயும்.

புதிய டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப் வடிகட்டி இருக்கிறது. அந்தக் கரி எரிந்து போக நல்ல சூடு வேண்டும். தோட்டத்துக்கும் எடை மேடைக்கும் நடுவே மட்டும் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தால் அது அடைத்து விளக்கு எரியும். நீங்கள் வாரம் தோறும் திண்டுக்கல் வந்து போவதால் பிரச்சினை இல்லை. விளக்கு எரிந்தால் எஞ்சினை அணைக்காமல் நாலுவழிச் சாலையில் சீரான வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள்.

சுற்றுவதைப் பற்றி. 4x4 கையில் இருப்பதால் காட்டு வழியெல்லாம் நமக்குத் திறந்துவிட்டதாக எண்ணக்கூடாது. கொடைக்கானல் மலையின் பெரும்பகுதி 2013 முதல் வனவிலங்கு சரணாலயம். பேரிஜம் போக வனத்துறை அனுமதி வேண்டும். அதைத் தாண்டி மூணாறு பக்கம் போகும் பழைய பாதையில் வண்டி விட முடியாது. நீலகிரியில் முதுமலை வழியாக பந்திப்பூர் போகும் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுத்துத்தான் வர வேண்டும். புல்வெளியில் ஒரு வண்டித் தடம் விழுந்தால் அடுத்த மழைக்கு அது வாய்க்கால் ஆகும், அதற்கடுத்த மழைக்கு மண் அறுத்துப் போகும். ஊற்றுத் தண்ணீர் அந்தப் புல்லுக்கு அடியில்தான் இருக்கிறது. கீழே நம் தோட்டத்துக்கு வருவதும் அதுதான். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை வரை ரோட்டிலேயே போகலாம். கே.சி.பட்டி, பெரியூர், மங்களங்கொம்பு பக்கம் தோட்டக்காரர்களிடம் சொல்லிவிட்டுப் போனால் பட்டா நிலத்து வழிகளே ஒரு வண்டிக்குப் போதுமான வேலை கொடுக்கும். பாச்சலூர்ப் பக்கம் யானை உண்டு. பலாப்பழமோ வாழைத்தாரோ திறந்த தொட்டியில் போட்டுக்கொண்டு இருட்டில் வராதீர்கள்.

தொட்டியில் எப்போதும் கிடக்க வேண்டியவை மண்வெட்டி, அருவாள், கனமான நைலான் கயிறு, கட்டை இரண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மரம் விழுந்தும் மண் சரிந்தும் மலையில் பல ஊர்களுக்கு வழி அடைபட்டுப் போனது; சாதாரண மழைக்கே ஒரு சவுக்கு மரமாவது குறுக்கே கிடக்கும். இரும்புச் சங்கிலியால் இழுக்காதீர்கள். அறுந்தால் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வரும்.

பதிவு விஷயம் வாங்குமுன் தெளிவாக இருக்கட்டும். கேம்பர் சரக்கு வண்டியாக, மஞ்சள் போர்டில் பதிவாகும். முதல் எட்டு ஆண்டுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அப்புறம் ஆண்டுதோறும் எஃப்.சி (வண்டியின் தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். மொத்த எடை 3000 கிலோவுக்குள் இருந்தால் பெர்மிட் தேவையில்லை. கார் லைசென்ஸே போதும். 7500 கிலோ வரை அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. எந்தப் போர்டாக இருந்தாலும் தொட்டியில் ஆள் ஏற்றாதீர்கள். காபி பறிக்க வரும் பெண்களை மூட்டைமேல் உட்கார வைத்துக் கூட்டிவரும் பழக்கம் இன்னும் போகவில்லை. வளைவில் பிடித்துக்கொள்ள அவர்களுக்கு ஒன்றும் இல்லை, விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கை விரிக்கும். இரண்டு நடை கூட ஓட்டினாலும் சீட்டில் வைத்தே கூட்டி வாருங்கள்.

செகண்ட் ஹாண்டாகப் பார்க்கிறீர்கள் என்றால் 2016 முதல் வந்த 2.5 லிட்டர் வி-கிராஸ் மேனுவல் நல்ல வண்டி. ஐந்து கியர், 320 நியூட்டன் மீட்டர், அதுவும் 1800 சுற்றிலேயே. சமவெளியில் ஓடின வண்டியாகப் பாருங்கள். மூன்றாவது கியரில் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதியுங்கள்; எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. கிளட்ச் பெடலை அழுத்தும்போது கரகரவென்று சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். கீழே படுத்து ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயிண்டுகளைக் கையால் ஆட்டிப் பாருங்கள், ட்ரான்ஸ்ஃபர் கேஸிலும் முன் டிஃபரன்ஷியலிலும் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். சேஸிஸில் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் எதை மறைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

புதிதோ பழையதோ, டெஸ்ட் டிரைவுக்குச் சரிவான மண் இடம் கேளுங்கள். பல ஓனர்கள் வருஷக்கணக்கில் 4எல்லைத் தொட்டதே இல்லை. வண்டியில் அது வேலை செய்கிறதா என்று அவர்களுக்கே தெரியாது. நீங்களே போட்டுப் பாருங்கள். மீட்டரில் விளக்கு மின்னி நின்று நிலையாக எரிய வேண்டும். முதல் கியரில் காலை எடுத்துவிட்டு ஏறவிடுங்கள், அப்படியே திரும்பி அதே சரிவில் பிரேக் தொடாமல் இறங்குங்கள். பிறகு உங்கள் மனைவியை ஓட்டச் சொல்லுங்கள். கிளட்ச் பெடலைக் கடைசி வரை அழுத்த அவருக்குக் கால் எட்டுகிறதா, அப்படி அழுத்தும்போது முதுகு சீட்டை விட்டு எழுகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எழுந்தால் சீட்டை முன்னே தள்ளி, ஸ்டியரிங்கை இறக்கி மறுபடி பாருங்கள். அப்படியும் சரிப்படவில்லை என்றால் அடுத்த வண்டியைப் பார்க்கலாம்.